சாயங்காலப் பல்பொடி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரியம்மா. அவருக்குப் பக்கத்தில், நாங்கள் பேசும் தமிழைப் பிரெஞ்சிலும் அவர் பேசும் பிரெஞ்சைத் தமிழிலும் மாற்றிச் சொல்லும் பெரியவர். இந்தப் பக்கம் நான், என் கணவர், என் அப்பா, என் அம்மா. கடைசி நாற்காலியில், மடியில் துணிமூட்டையோடு, வீடு வீடாகத் தவணைக்குப் புடவை விற்கிற புடவைக்காரம்மா. ஆக மொத்தம் ஏழு பேர். சுவரில் பிரான்சு ஜனாதிபதியின் படம் மாட்டியிருந்தது. அவரையும் சேர்த்துக்கொண்டுதான் நான் பயந்தேன்.

புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் இருக்கிற பிரெஞ்சுக்காரர் ஆபீஸ் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் கணவர் தமிழர்தான். ஆனால் அவர் தாத்தா காலத்திலிருந்தே அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பன்னிரண்டு வயதில் பாரீசுப் பக்கம் போனவர், அங்கே ஒரு பெரிய கேண்டீனில் சமையல் வேலை பார்த்தார். அவரோடு நான் போக வேண்டுமென்றால் எங்கள் கல்யாணம் அந்த ஆபீசில் பதிவாக வேண்டும். பதிவாக வேண்டுமென்றால் இது நிஜமான கல்யாணம் என்று அவர்கள் நம்ப வேண்டும். அந்தக் குடியுரிமைக்காகவே எங்கள் ஊரில் சிலர் பொய்க் கல்யாணம் செய்துகொள்வதுண்டு. அதனால் கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

என் கல்யாணம் நிஜம். அதைவிட நிஜமாக ஒரு கல்யாணம் இருக்க முடியாது. அப்படியும் மாட்டிக்கொண்டேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா வேலை பார்த்த மில் மூடியும் திறந்தும் இழுத்துக்கொண்டிருந்த நேரம். நெல்லித்தோப்பில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பாதியில் படிப்பை விட்டவர்களுக்குக் காகிதத்தைக் கண்டாலே ஒரு நடுக்கம் இருக்கும். எதில் கையெழுத்துப் போட்டாலும் வீடு கையைவிட்டுப் போய்விடும் என்று நினைப்பேன். நாங்கள் குடியிருந்ததோ வாடகை வீடு.

அந்த பூத்துக்குத்தான் அவர் வந்தார். ஜூலை மாத லீவில், வக்கான்ஸ் என்பார்கள் அவர்கள் வீட்டில், அடுத்த தெருவில் இருந்த அவருடைய அத்தை வீட்டுக்கு வருவார். பிரான்சுக்குப் போன் பேச என்னிடம் வருவார். இரண்டு நிமிடம் பேசிவிட்டு அரைமணி நேரம் சில்லறைக்காக நிற்பார். திரும்பிப் போனபிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கிருந்து பூத்துக்கே போன் செய்வார். இப்படி மூன்று வருடம். வந்த போனுக்கு ரசீது கிடையாது. சேர்ந்து ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. எடுத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். பார்த்தால் அப்பா செத்துவிடுவார். அப்பா செத்தால் தங்கச்சியை யார் கட்டுவார்கள்? என் பயமெல்லாம் இப்படித்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று ரயில்பெட்டி மாதிரி வரும்.

கடைசியில் அவர் அத்தை வந்து பெண் கேட்டபோது அப்பா சாகவில்லை. ஒரு கண்டிஷன் போட்டார்.

"குடுக்கறேன். ஆனா நாங்களா பாத்து முடிச்ச சம்பந்தம்னுதான் வெளியில சொல்லணும். இவளுக்குப் பின்னால ஒருத்தி இருக்கா. லவ்வு கிவ்வுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. யார் கேட்டாலும்."

யார் கேட்டாலும் என்று அப்பா சொன்னதை நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அதன்படி ஒரு பெண் பார்க்கும் சடங்கே நடந்தது. பஜ்ஜி, கேசரி, வாடகைக்கு எடுத்த நாற்காலிகள், தெருவே வந்து எட்டிப்பார்த்தது. நான் தலைகுனிந்து காபி கொண்டுபோனேன். மாப்பிள்ளைக்கு நடிக்கத் தெரியாது. ஒரு வாய் குடித்துவிட்டு, "நீயே போட்டியா? எனக்கு சக்கரை கம்மியா இருக்கணும்னு மறந்துட்டியா?" என்றார்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கையில் பஜ்ஜியோடு நின்றுவிட்டார்கள். அப்பாவுக்கு இருமல் வந்தது. மாப்பிள்ளையின் அத்தைதான் சமாளித்தார்: "அவன் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்பிடித்தாங்க. முத வாயிலயே சக்கரையப் பத்திப் பேசுவான்."

கல்யாணப் போட்டோக்களிலும் நான் நிமிரவேயில்லை. மணப்பெண் பல் தெரியச் சிரித்தால் ஊர் என்ன சொல்லும்? என்னை ஒட்டி உட்காராமல் ஒரு சாண் தள்ளி உட்காரும்படி அவரிடம் நானே சொல்லியிருந்தேன்.

இதெல்லாம் முடிந்துதான் ஆபீசிலிருந்து முதல் தடவை கூப்பிட்டார்கள்.

போவதற்கு முன் அவர் அத்தை என்னை உட்கார வைத்து வெள்ளைக்கார மரியாதை கற்றுக்கொடுத்தார். "பொன்ழூர்னு வணக்கம் சொல்லணும். கன்னத்தக் காட்டணும். மொதல்ல இந்தப் பக்கம், அப்பறம் அந்தப் பக்கம். முத்தம்னு நெனைக்காத, நாம கும்புடறோம் இல்ல, அந்த மாதிரி." கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாள் பழகினேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். சொந்தக்காரர்களுக்குள்தான் அப்படிச் செய்வார்கள் என்பதை அத்தை சொல்ல மறந்துவிட்டார்.

அதிகாரியம்மா எழுந்து கை நீட்டினார். நான் அந்தக் கையைத் தாண்டி மேசைமேல் சாய்ந்து கன்னத்தைக் காட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். பேனா ஸ்டாண்டு சாய்ந்தது. பின்னாலேயே வந்த என் கணவர், பயப்படாதே என்று என் கையைப் பிடித்தார். வாசலில் அப்பா நிற்கிறாரே என்று நான் வெடுக்கென்று உதறினேன். அதிகாரியம்மா பார்த்தார். உட்கார்ந்து எதையோ எழுதினார்.

என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேள்வி கேட்டார்கள். மாற்றிச் சொல்லும் பெரியவர் என் அப்பா வயசுக்காரர், நெற்றியில் விபூதி. முதல் கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கல்யாணத்துக்கு முன்ன உங்களுக்குள்ள பழக்கம் ஏதாவது... உண்டாம்மா?" என்றார்.

"ஐயோ, இல்ல சார்! எங்க குடும்பம் அந்த மாதிரி குடும்பம் இல்ல."

"மொதமொத எங்க பாத்தே?"

"பொண்ணு பாக்க வந்தப்போதான் சார். அதுவும் மொகத்த பாக்கல. காலதான் பாத்தேன்."

"அவர் மொதல்ல உனக்கு என்ன வாங்கிக் குடுத்தாரு?"

"நிச்சயதார்த்தப் புடவை."

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பெண்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்களே என்ற சந்தோஷம். அதிகாரியம்மா முகம் மலரவில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்து, இந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லையா, ஏன் அழுகிற மாதிரி இருக்கிறாள் என்று கேட்டார். மரியாதைக்கு அப்படித்தான் இருக்கணும் என்றேன்.

அடுத்து என் கணவர் உள்ளே போய் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். பூத்து, போன், பீச்சு. நான் மொதல்ல கொண்டாந்த சாக்லேட் டப்பா வெயில்ல உருகிப்போச்சே, அதக்கூட சொன்னேன். அந்தம்மா சிரிச்சாங்க. நீ என்ன சொன்னே?"

நான் என்ன சொன்னேன் என்று சொன்னேன்.

சில நாளில் மறுபடியும் வரச் சொன்னார்கள். வாசலிலேயே அந்தப் பெரியவர் நிறுத்தி மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகலம்மா. பொய்க் கல்யாணம்னு நெனைக்கறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தவங்க, சொந்தக்காரங்க இல்லாதவங்க யாராவது இருந்தா அடுத்த வாரம் கூட்டிட்டு வா. அப்பா அம்மாவும் வரட்டும்."

கல்யாணத்துக்காக என் கணவர் நீட்டி வாங்கியிருந்த லீவு முடிய பத்து நாள்கூட இல்லை. பதிவாகாவிட்டால் அவர் தனியாகப் போவார். பிறகு வருடக்கணக்கில் நான் இங்கே, அவர் அங்கே. தாலி கட்டியும் வாழாவெட்டி என்பார்கள். அது நிஜமான பயம். என் பயம் அதோடு நிற்கவில்லை. பொய் சொன்னதற்கு ஜெயிலில் போடுவார்கள், அவருடைய குடியுரிமையைப் பிடுங்குவார்கள், எந்தக் காலத்திலோ செத்துப்போன அவர் தாத்தாவின் பென்ஷனைத் திருப்பிக் கேட்பார்கள் என்றெல்லாம் வரிசையாக வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் இன்னொரு பயம்: எல்லாம் சரியாகிவிட்டால் நான் நிஜமாகவே பிளேன் ஏற வேண்டுமே. அங்கே எத்தனை பேருக்குக் கன்னத்தைக் காட்ட வேண்டுமோ.

எங்களைச் சேர்த்துப் பார்த்தவர் யார்? யாரும் பார்க்கக்கூடாது என்றுதானே மூன்று வருடம் பாடுபட்டேன். பூத் முதலாளிக்கே தெரியாது. யோசித்துப் பார்த்தால் ஊரில் ஒரே ஒரு ஆள்தான் பார்த்திருந்தார். யாருக்கு நான் ஊரிலேயே அதிகம் பயந்தேனோ அந்தப் புடவைக்காரம்மா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுப் படியேறி, "யக்கா, உம் பொண்ணு ஒரு பையன்கூட பீச்சுல நிக்கறா, பாத்துக்கோ" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். "எம் பொண்ணப் பத்தி பொய் பேசுன வாய்க்கு ஒத்தப் பைசா கெடையாது!" என்று, வாங்கியிருந்த நீலப் புடவையின் பாக்கித் தவணையைத் தர மாட்டேன் என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பொய் சொன்னவள் என்ற பேர் அந்தம்மாவுக்கு. ஊரில் இரண்டு மூன்று வீட்டில் அதன்பிறகு அவரைக் கூப்பிடுவதில்லை.

நெல்லித்தோப்பு மார்க்கெட் ஓரத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"அப்போ நான் சொன்னது நெஜம்?"

"நெஜம்தாங்க்கா."

"இன்னொரு வாட்டி சொல்லு. டீக்கடக்காரருக்குக் கேக்கல."

"நெஜம்தாங்க்கா."

"பாத்துக்கோய்யா. ரெண்டு வருஷமா இந்தத் தெருவுல எம் பேரு புளுகுமூட்ட." கிளாசை வைத்தார். "வரேன்டி. வெள்ளக்காரிகிட்டயே வந்து சொல்றேன். ஆனா உங்கம்மா பக்கத்துல உக்காந்து கேக்கணும். நடுவுல எழுந்து போவக்கூடாது."

வீட்டில் சொன்னபோது அம்மா, "அவ வாயால ஒரு நல்லது நடக்கணும்னா நீ பிரான்சுக்கே போவ வேணாம்" என்றார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கூப்புடு அவங்கள" என்றார்.

அன்று ஆபீஸ் வாசலில் காவலாளி துணிமூட்டையை அவிழ்க்கச் சொன்னார். புடவைக்காரம்மா ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். "இந்த மாம்பழக் கலரு உங்க வீட்டம்மாவுக்கு எடுக்கும், மாசம் அம்பது குடுத்தா போதும்" என்றார். இதற்கும் சேர்த்து உள்ளே போடுவார்களோ என்று நினைத்தேன்.

உள்ளே அவரைக் கேட்டதும் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆச்சுன்னா இவ பூத்துக்குள்ள போயி கண்ணாடிக் கதவ சாத்திக்குவா. ஃபேனு சத்தத்துல பேச்சு கேக்காதுன்னு ஃபேன வேற நிறுத்திடுவா. வெளிய வரும்போது கொளத்துல முக்கி எடுத்த மாதிரி வருவா. அப்பவும் சிரிச்சிகினே வருவா. அந்த வெக்கையில தனியா உக்காந்து சிரிக்கறதுக்கு ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல இதுவா இருக்கணும். இவ பைத்தியம் இல்ல."

பெரியவர் பிரெஞ்சில் ஒரு சின்ன வாக்கியம் சொன்னார்.

"என்னா சார், இவ்ளோ நேரம் சொன்னேன், நீங்க ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க? ஃபேனு வந்துச்சா அதுல?"

"சுருக்கமா சொல்லியிருக்கேம்மா."

"சுருக்கறதுக்கு இது என்னா பாவாடையா?"

அதிகாரியம்மா என்னவென்று கேட்டார். என் கணவர் குனிந்தபடியே விட்டுப்போனதையெல்லாம் பிரெஞ்சில் சொன்னார். அதிகாரியம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே வேர்த்துக்கொட்டியது. அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அப்பறம் பீச்சு. பழைய லைட் ஹவுசு பக்கம் நிப்பாங்க. ஒட்டி நிக்க மாட்டாங்க, அதையும் சொல்லணும். நடுவுல ஒரு ஆட்டோ போவலாம். ஆனா எப்பப் பாத்தாலும் ரெண்டு பேரும் ஒரே கப்பலப் பாப்பாங்க." மூச்சு விட்டுக்கொண்டார். "அப்பறம் அந்தப் பல்பொடி."

"அக்கா, அது வேணாங்க்கா" என்றேன்.

"என்ன பல்பொடி?" என்று அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஒரு நா பூத்துக்குப் பின்னால சந்துல போறேன். இவ குந்திக்கினு, ஜிகினாக் காயிதத்த நக்கிக்கினு இருக்கா. வாயெல்லாம், மூக்கெல்லாம் பழுப்பு. என்னாடி இதுன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சிட்டு, 'பல்பொடிக்கா'ங்கறா! சாயந்தரம் அஞ்சு மணிக்கு எவடி பல்லு வெளக்குவா? அந்தப் புள்ள அந்தாண்ட சைக்கிள்ல ஓடறான். வெளிநாட்டு டப்பா ஒண்ணு கீழ கெடக்கு. வெயில்ல கூழாப் போயிருக்கு. தூக்கிப் போட மனசு வரல, வீட்டுக்குக் கொண்டுபோவ தைரியம் இல்ல, அதான் நக்கறா."

இதைப் பெரியவர் மாற்றிச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரியம்மா பழைய தாள்களைப் புரட்ட ஆரம்பித்திருந்தார். அவருக்கே கொஞ்சம் தமிழ் புரிந்ததோ என்னவோ. என் கணவர் சொன்ன சாக்லேட் டப்பா அதில் இருந்தது. அதன்மேல் விரலை வைத்து, பெரியவரிடம் காட்டினார். பெரியவர் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பழைய மலர்ச்சி இல்லை. நல்ல பெண் ஒருத்தியைக் கண்ணெதிரே இழந்தவர் மாதிரி இருந்தார்.

அதிகாரியம்மா அப்பாவிடம் திரும்பினார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

அப்பா எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தெரியுங்க. எனக்கு இன்னொரு பொண்ணு இருக்கு. ஊர் பேசும்னு நான்தான் மறைக்கச் சொன்னேன். இந்தப் பொண்ணு சொன்ன பொய்யி நான் சொல்லிக் குடுத்தது. அவளுக்கு பயம் ஜாஸ்தி, சொன்னா சொன்னபடி செய்யும்."

பெரியவர் இந்த முறை சுருக்கவில்லை. அப்பா நின்றபடியே இருக்க, நிதானமாக முழுவதையும் சொன்னார்.

பிறகு கேள்வி என்னிடம் வந்தது. பெரியவர் செருமவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே இவர விரும்புனியான்னு கேக்கறாங்க."

வலதுபக்கம் அப்பா, இடதுபக்கம் அம்மா. ஆமாம் என்று ஒரு சொல். அதைத் தமிழில் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. அந்தச் சொல் அப்பா காதில் விழுந்துவிடும், விழுந்தால் பிறகு எடுக்க முடியாது. அத்தை கற்றுக்கொடுத்ததில் கன்னம் போக மீதி இருந்த இரண்டு மூன்று பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று வாய்க்கு வந்தது.

"உய்" என்றேன்.

எனக்கே கேட்காத அளவு மெதுவாகத்தான் சொன்னேன். அதிகாரியம்மா தலையாட்டினார். என் கணவர் பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்தார். உதற வேண்டும் என்று கை போனது. அப்பா ஜனாதிபதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் விட்டுவிட்டேன்.

என் கணவர் பிளேன் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் கல்யாணம் பதிவான தாள் வந்தது. விசா வாங்கிக்கொண்டு குளிர்காலம் ஆரம்பிக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன். அங்கே பயப்படக் கிடைத்தவற்றையெல்லாம் எழுதினால் அது தனிக் கதை.

அன்று ஆபீசை விட்டு வெளியே வந்ததும், படியிலேயே புடவைக்காரம்மா அம்மாவை மறித்தார்.

"யக்கா, இப்ப நம்பறியா? நீலப் புடவ பாக்கிய எடு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ சொன்னது நெஜந்தான், ஒத்துக்கறேன். பூத்த சொன்னே, பீச்ச சொன்னே, சரி. அந்தப் பல்பொடிய எதுக்கு சொன்னே? நான் சோறு போடாத மாதிரி, எம் பொண்ணு சந்துல குந்தி காயிதத்த நக்குனான்னு ஒரு வெள்ளக்காரி முன்னால சொன்னியே, அதுக்கா காசு?"

"அதுனாலதான்யக்கா காயிதமே கெடைக்கப்போவுது!"

"கெடைக்கட்டும். தர மாட்டேன்."

அப்பா கொடுக்கப் பார்த்தார். அம்மா பர்சைப் பிடுங்கிக்கொண்டார். நான் பிரான்சிலிருந்து இரண்டு முறை அனுப்பினேன். புடவைக்காரம்மா வாங்கவில்லை. உங்கம்மா கையால வந்தாத்தான் அது காசு என்று சொல்லியனுப்பினார். இப்போதும் எங்கள் வீட்டுக்குப் புடவை கொண்டுவருகிறார், அம்மா வாங்குகிறார், புதுப் புடவைக்கெல்லாம் தவணை தவறாமல் போகிறது. தங்கச்சி கல்யாணத்துக்கே பதினோரு புடவை அவரிடம் எடுத்தது. அந்த நீலப் புடவைக்கு மட்டும் இன்னும் அறுநூற்று நாற்பது ரூபாய் பாக்கி.